ஊதா மூடிக் குழாயும் எங்கள் வீட்டுத் தகரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மரபணுப் பகுப்பாய்வுக் கட்டுரையில், ‘யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை வைரஸின் மரபணுவே காட்டிக்கொடுத்துவிடும்’ என்று ஒரு வரி. எழுதியவர் சளி மாதிரிக் குப்பியை ஒரு முறையாவது தொட்டிருப்பாரா? இருபத்தெட்டு ஆண்டுகள் அதையே தொட்டுப் பிழைத்தவன் நான்.

கொரோனா வைரஸின் மரபணுவில் ஏறக்குறைய 30,000 எழுத்துகள், அதாவது வரிசையாகக் கோத்த வேதிக் கூறுகள். சராசரியாக மாதத்துக்கு இரண்டுதான் மாறும். நான்கே நாளில் அப்பாவிடமிருந்து மகனுக்குத் தொற்றினால், பெரும்பாலும் இருவரிடமும் ஒரே எழுத்துகள்தான் இருக்கும். முந்தியவர் யார் என்று அதில் எங்கே போய்த் தேடுவது? எழுத்துகள் வெகுவாக வேறுபட்டால், ‘இவர் கொடுக்கவில்லை’ என்று வேண்டுமானால் அடித்துச் சொல்லலாம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கதை தாங்கள் அறியாததல்ல. 2020 பிப்ரவரி இறுதியில் அங்கே கிடைத்த வைரஸ், ஜனவரியில் கண்டறியப்பட்ட முதல் நோயாளியின் வைரஸோடு ஒத்திருந்தது. அவர் வழியாகவே ஆறு வாரம் சத்தமில்லாமல் பரவியிருக்கும் என்றார்கள். அது தனியாக வந்திறங்கிய வேறொரு தொற்றாகவே இருக்கக்கூடும் என்று அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு வந்தது. விஞ்ஞானிகளே இவ்வளவு தயங்குகிறார்கள். தங்கள் கட்டுரையாளருக்குத் தயக்கமே இல்லை.

2020 ஜூலையில் எங்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். பால்காரர் பாக்கெட்டைத் தகரத்துக்கு மேலே வீசுவார். இரண்டு நாளுக்கு ஒன்று கிழிந்து திண்ணையெல்லாம் பால். ‘தெருவுக்கு நோயைக் கொண்டுவந்தவர்’ என்ற பட்டம் எனக்கு. எந்த மரபணுவைப் பார்த்துக் கொடுத்தார்கள்? மாநில அரசு சென்னையில் அதற்கென்று சொந்த ஆய்வகம் திறந்ததே 2021 செப்டம்பரில்தான். இன்றைக்கும் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைக் கண்டால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறார். தங்கள் இதழுக்கு அவரும் சந்தாதாரர்.

நாடே கைதட்டிய அந்த மார்ச் மாதத்திலும் தங்கள் அட்டையில் மருத்துவர், செவிலியர், காவலர் மூவர்தான் இருந்தார்கள். மூக்கில் குச்சி விட்ட ஆய்வக நுட்புநருக்கு இடமில்லை. அப்போதே எழுதினேன், பிரசுரமாகவில்லை. பக்கப் பற்றாக்குறையாக இருக்கும்.

அந்த வரியைத் திருத்தச் சொல்லும் துணிவு எனக்கில்லை. கட்டுரையின் படத்தில் ‘சளி மாதிரி’ என்று குறிப்பிட்டிருப்பது ஊதா மூடி போட்ட, ரத்த மாதிரி எடுக்கும் குழாய். அந்தப் படக்குறிப்பையாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
கும்பகோணம்.