புகார்: 7-ஆம் நம்பர் கோல்ஃப் அயர்னில் மட்டும் கை சுள்ளென்கிறது

வணக்கம்.

உங்களிடம் வாங்கிய கோல்ஃப் அயர்ன் (உலோகத் தலை கொண்ட மட்டை) செட்டில் 7-ஆம் நம்பர் மட்டும் சரியில்லை என்று ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது: ஃபீல் (அடிக்கும்போது கிடைக்கும் உணர்வு) ஆளுக்கு ஆள் மாறும், நடுவில் படாவிட்டால் அப்படித்தான் இருக்கும், எங்கள் கிளப் (மட்டை) ஃபோர்ஜ் செய்தது, அதாவது உலோகத்தைக் காய்ச்சி அடித்து உருவாக்கியது. ஆளுக்கு ஆள் மாறும், சரி. ஆனால் அடிப்பது நான் ஒருவன்தானே, அதே கைக்கு 6 ஒரு மாதிரியும் 7 வேறு மாதிரியும் இருந்தால் கோளாறு கையில் எப்படி இருக்கும்?

நடுவில் படவில்லை என்று சொன்னீர்களே என்று மெனக்கெட்டுச் சோதித்துப் பார்த்தேன். 6, 7, 8 மூன்றிலும் பந்து படும் முகத்தில் பவுடர் ஸ்ப்ரே அடித்து, ஒரே வகைப் புதுப் பந்துகளை வைத்து (பந்து மாறினாலே சத்தமும் மாறிவிடும்) ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக அடித்தேன். ஓரத்தில் பட்டதையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். வெள்ளைப் பவுடரில் பந்தின் குழிகள் நட்டநடுவில் அச்சாகப் பதிந்த அடிகளை மட்டும்தான் சொல்கிறேன். 6-லும் 8-லும் 'டொக்' என்று அடங்கிய சத்தம், கையில் ஒன்றுமே தெரியவில்லை. 7-ல் தகரத்தைத் தட்டியது போல ஒரு சத்தம், கூடவே ஆள்காட்டி விரலின் அடியில் சுள்ளென்று ஒரு அதிர்வு. ஃபீல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு காதில் விழுவதுதான் என்பதால், அப்புறம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டும் அடித்தேன். வித்தியாசம் குறைந்தது உண்மை, ஆனால் அந்தச் சுள்ளென்ற அதிர்வு போகவே இல்லை.

பந்து முகத்தில் பட்டுக்கொண்டிருப்பது சுமார் அரை மில்லி விநாடிதான். அதிர்வு ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) வழியாகக் கைக்கு ஏறி வருவதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது, அதனால் கைக்குத் தெரிவதெல்லாம் கிளப் அதற்குப் பிறகு எப்படி அதிர்கிறது என்பதுதான். அதை ஃபோர்ஜ் என்ற ஒரே வார்த்தை முடிவு செய்துவிடாது. முகம் எவ்வளவு மெல்லியது, அதன் பின்னால் எவ்வளவு எடை இருக்கிறது, அதிர்வை எது அடக்குகிறது என்பதெல்லாம்தான் பெரிய விஷயம். உங்கள் கிளப்பின் ஹெட் (தலைப்பகுதி) உள்ளே கூடானது, அதிர்வை அடக்கத்தான் உள்ளே பாலிமர் நிரப்பியிருக்கிறீர்கள். 6, 8 இரண்டின் பின்பக்கத்தையும் நகத்தால் தட்டினால் மந்தமாக ஒலிக்கிறது, 7 மட்டும் கணீரென்கிறது! உள்ளே பாலிமர் சரியாக நிரம்பவில்லை, அல்லது முகத்தை விட்டு விலகிவிட்டது என்பது என் ஊகம். திறந்து பார்க்க வேண்டியது நீங்கள்.

மற்ற அயர்ன்கள் எல்லாம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கின்றன, அதனால்தான் விடாமல் எழுதுகிறேன். இந்த ஹெட்டை வாங்கிச் சோதித்துவிட்டு, அதே லாஃப்ட்டில் (முகத்தின் சாய்வு), அதே ஷாஃப்ட்டில் வேறு 7 அனுப்புங்கள். கிரிப் (கைப்பிடி உறை) மாற்றித் தருகிறோம் என்று மட்டும் மறுபடி எழுத வேண்டாம், மூன்றிலும் இருப்பது ஒரே வகைக் கிரிப், ஒரே நாளில் மாட்டியது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்