மீட்டிங் கூப்பிடும் முன்

அன்பு மகளுக்கு,

இனிமேல் உன் டீமின் மீட்டிங்குகளை நீதான் நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தாய். அழைப்பு அனுப்பும் முன், மீட்டிங் முடியும்போது எது முடிவாகியிருக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிப் பார். அந்த வரி வரவில்லையா, மீட்டிங் வேண்டாம், மின்னஞ்சல் போதும். எட்டுப் பேரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் ஒருவருடைய முழு வேலைநாள் போய்விடுகிறது, கண்ணு.

அஜெண்டாவில் ‘புதிய மென்பொருள்’ என்று தலைப்பு மட்டும் போடாதே. ‘பழைய மென்பொருளை மார்ச்சுக்குள் நிறுத்தலாமா?’ என்று கேள்வியாகப் போடு. வருகிறவர்கள் யோசித்துக்கொண்டு வருவார்கள். கனமான கேள்வி முதலில் வரட்டும். கமிட்டிகளைப் பற்றி 1957-இல் எழுதிய பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சனின் உதாரணத்தில், ஒரு கோடி பவுண்டு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கிடைத்துவிடும். 350 பவுண்டு சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். அதனால்தான் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நிமிடக் கணக்கை எழுதச் சொல்கிறேன்.

படிக்க வேண்டியதை முந்தின நாளே அனுப்பு, இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அப்படியும் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். கோபப்படாமல் முதல் பத்து நிமிடத்தை எல்லோரும் மௌனமாகப் படிக்க ஒதுக்கிவிடு. அமேசானில் ஸ்லைடுகளை விட்டுவிட்டு இப்படித்தான் செய்கிறார்கள்.

மிக முக்கியமானது பேசும் வரிசை. உன் கருத்தை நீ முதலில் சொல்லிவிட்டால் இளையவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். சேர்ந்து கொஞ்ச நாளே ஆனவரிடமிருந்து தொடங்கு, நீ கடைசியில் பேசு. வீடியோ அழைப்பில் திரையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கேள், இல்லையென்றால் அவர்கள் பார்வையாளர்களாகவே இருந்துவிடுவார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே. பெரிய முடிவென்றால், பேச்சு தொடங்கும் முன்பே ஆளுக்கொரு சீட்டில் தங்கள் விருப்பத்தை எழுதச் சொல்.

கடைசி ஐந்து நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதே. முடிவுகளை உரக்கப் படித்துக்காட்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர், ஒரு தேதி. ‘டீம் பார்த்துக்கொள்ளும்’ என்று மினிட்ஸில், அதாவது மீட்டிங் குறிப்பில், எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். அன்று மாலைக்குள் அந்தக் குறிப்பை அனுப்பிவிடு.

வாராவாரம் நடக்கும் மீட்டிங்கில் சந்தேகம் வந்தால் இரண்டு வாரம் நிறுத்திப் பார். எந்த வேலையும் தடைபடாமல், யாரும் ஏன் நடக்கவில்லை என்று கேட்காமலும் இருந்தால், தயங்காமல் காலண்டரிலிருந்து எடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா