கருங்காலி எண்டு நீங்கள் அனுப்பின கட்டை கருங்காலி இல்லை – காசும் பதிலும் வேணும்

கொம்பனிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணம் கோண்டாவில் பக்கம் மரவேலை செய்யிறன். போன மாசம் உங்கட ஒன்லைன் பக்கத்தில பார்த்து 2 இஞ்சிச் சதுரம், 6 இஞ்சி நீளத்தில ஒரு கருங்காலிக் கட்டை ஓடர் பண்ணினனான், 6,800 ரூபா, கொறியருக்கு 550 வேற. "நூறு வீதம் அசல் கருங்காலி, நல்ல வைரம்" எண்டு நீங்கள் போட்டிருந்த படமும் எழுத்தும் இப்பவும் என்ர போனில இருக்கு. வட்ஸ்அப்பில மூண்டு தரம் எழுதிப்போட்டன், ஒழுங்கான பதில் இல்லை, அதாலதான் இப்ப கடிதமா எழுதுறன், தயவு செய்து முழுக்க வாசியுங்கோ.

கட்டை வாங்கினது மாமாவின்ர துவக்குக்கு. மாமா செட்டிகுளம் பக்கம் கச்சானும் சோளமும் செய்யிறவர், பண்டிக் காவலுக்கு லைசென்ஸோட வச்சிருக்கிற பழைய துவக்கு, அவற்ற அப்பா காலத்துச் சாமான். அதின்ர குழலுக்குக் கீழ இடக்கையால பிடிக்கிற முன்கட்டை நுனியில வெடிச்சுப் போச்சு. துவக்கு அவற்ற வீட்டிலதான் இருக்கு, கட்டையை மட்டும் கழட்டி பஸ்ஸில குடுத்து விட்டவர். முந்தி ஆரோ அதை முதிரையில புதுசாச் செய்து போட்டிருக்கினம், நல்ல மஞ்சள் முதிரை, வெளிச்சத்தில பிடிச்சா பட்டு மாதிரி மின்னும். அதை எறிய மனம் வரேல்லை. வெடிச்ச நுனியை அரிஞ்சு போட்டு அந்த இடத்தில கருங்காலி முனை ஒண்டு வச்சு, கிளிமூக்கு மாதிரி கீழ கொஞ்சம் வளைச்சு விட்டால் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் வடிவா இருக்கும், உடைஞ்சு திருத்தினது எண்டே தெரியாது எண்டு மாமாவுக்குச் சொன்னதும் நான்தான்.

வேலையை நான் அவசரப்பட்டுச் செய்யேல்லை. முதிரை நுனியை மட்டமா அரிஞ்சு, கண்ணாடியில சாண்ட் பேப்பர் ஒட்டி அதில தேய்ச்சு, ரெண்டு முகத்தையும் சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடிச்சா இடையால ஒரு மயிர் வெளிச்சம் கூட வராத அளவுக்குக் கொண்டு வந்தன், ஏனெண்டா உந்த வேலையில பொருத்துக் கோடுதான் எல்லாம், அங்க ஒரு நூல் இடைவெளி விட்டாலும் பசை கோடாத் தெரியும். நடுவில 8 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு மரஆணி வச்சன். கருங்காலியில எண்ணெய்ப் பசை இருக்கும், துடைக்காட்டி பசை பிடிக்காது எண்டு அசிற்றோன் போட்டுத் துடைச்சன். சீலை கறுத்துப் போச்சு. அசல் கருங்காலியும் கொஞ்சம் நிறம் விடும்தான், அதாலதான் அப்ப எனக்குச் சந்தேகம் வரேல்லை. பேந்து எப்பொக்சிப் பசை போட்டு இறுக்கி 24 மணித்தியாலம் விட்டன். வைஸில பிடிக்க வசதியா 6 இஞ்சிக் கட்டையை முழுசாவே ஒட்டினனான், மிச்சத்தைப் பிறகு அரியலாம் எண்டு.

அடுத்த நாள் முனைக்குத் தேவையான ரெண்டரை இஞ்சியை விட்டு மிச்சத்தை வாளால அரிஞ்சன். வாளால விழுந்த தூள் வெள்ளை. வெட்டு முகத்தைப் பார்த்தா ஓரத்தில 3 மில்லிமீற்றர் கறுப்பு, உள்ளுக்க முழுக்க வெளிறின மஞ்சள்.

உங்கட ஆள் வட்ஸ்அப்பில சொன்ன ஒரே பதில், "அது மரத்தின்ர வெள்ளைப் பகுதி, கருங்காலியில இருக்கும்" எண்டு. இருக்கும் ஐயா, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா கருங்காலியில வெள்ளை வெளியால, பட்டைக்குப் பக்கத்தில, கறுப்பு வைரம் உள்ளுக்க. வெளியால கறுப்பும் உள்ளுக்க மெத்தெண்ட சோறுமா இருக்கிறது பனை, அது யாழ்ப்பாணத்தில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் அனுப்பினதில நாலு பக்கமும் ஒரே தடிப்பில கறுப்பு, உள்ளுக்க வெள்ளை. அப்பிடி ஒரு கருங்காலி மரம் வளராது, அது சாயத்தில ஊறப்போட்ட கட்டை. சாயம் நார் வழியா நுனியால ஆழமா இழுபடும், பக்கத்தால அவ்வளவு இறங்காது, அதாலதான் நான் ஓட்டை போட்ட நுனிப் பக்கத்தில தூளும் கறுப்பா வந்து என்னை ஏமாத்தினது. அரிஞ்ச மிச்சத் துண்டை வாளித் தண்ணியில போட்டுப் பார்த்தன், மிதந்தது. கருங்காலி வைரம் தண்ணியை விடப் பாரம், தாழ வேணும். அப்பா கோயில் வாகனம் செதுக்கினவர், அவர் வச்சிட்டுப் போன பழைய கருங்காலி உளிப்பிடி ஒண்டை அதே வாளியில போட்டன், நேர அடியில போய் நிண்டுது. ரெண்டையும் ஒண்டா வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறன், நீல ரிக் விழுந்து பதினொரு நாள்.

காசை விட எனக்குக் கவலை முதிரை. அசிற்றோனோட கரைஞ்ச சாயம் பொருத்து வழியா முதிரையின்ர நாருக்க இறங்கிப் போச்சு, மஞ்சள் மரத்தில மை ஊத்தின மாதிரி. சூடு காட்டி பசையை இளக்கி முனையைக் கழட்டி, கறை போகும்வரை திருப்பி அரிஞ்சதில முன்கட்டை கால் இஞ்சி நீளம் குறைஞ்சு போச்சு. அதை ஆராலும் திருப்பித் தர ஏலாது. மாமா ஒண்டும் பேசேல்லை, "பறவாயில்லை தம்பி, செய்யிறதைச் செய்" எண்டு மட்டும் சொன்னவர், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். கச்சான் பிடுங்க முதல் தாறன் எண்டு சொல்லி வாங்கின சாமான்.

"மரத்தில வாள் வச்சா ரிற்றேன் எடுக்கமாட்டம்" எண்டு உங்கட பில்லில அடிச்சிருக்கு. அரியாமல் உள்ளுக்க என்ன இருக்கெண்டு வாங்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும்? நான் பிழையா வெட்டினதுக்குக் காசு கேக்கேல்லை, நீங்கள் சொன்ன மரம் வரேல்லை எண்டுதான் கேக்கிறன். சாயம் போட்ட மரம் விக்கிறது பிழையில்லை, சாயம் போட்டது எண்டு எழுதி அந்த விலைக்கு வில்லுங்கோ, நானே சின்னச் சாமான்களுக்கு வாங்குவன்.

எனக்கு வேண்டியது 6,800 ரூபாயும் கொறியர் காசு 550உம், மொத்தம் 7,350. கட்டைத் துண்டுகள் எல்லாம் வச்சிருக்கிறன், உங்கட செலவில எடுக்கிறதெண்டா எடுங்கோ. உங்கட பக்கத்தில போட்டிருக்கிற "அசல் கருங்காலி" எண்ட விளம்பரத்தையும் மாத்துங்கோ, ஏனெண்டா நாளைக்கு வேற ஒரு பெடியன் ஆற்றையோ பழஞ்சாமானில இதைக் கொண்டுபோய் ஒட்டப் போறான். 14 நாளுக்குள்ள பதில் வராட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பரில போன் அடிச்சு, பில்லும் படமும் வீடியோவும் குடுத்து 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ முறைப்பாடு போடுவன்.

மாமாவின்ர முன்கட்டைக்கு இப்ப எருமைக் கொம்பில முனை வைக்கிறன்.

இப்படிக்கு,
உங்களிட்டக் கட்டை வாங்கின மரவேலைக்காரன்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.