மலையக வீட்டுச் சுவருக்கு எந்த நிறம்?

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் வாரப் பதிப்பில் அண்மையில் வெளிவந்த, வீட்டுச் சுவருக்கும் உடைக்கும் நிறம் தெரிவு செய்வது பற்றிய கட்டுரையை வாசித்தேன். நீலம் மனத்தை ஆற்றும், பச்சை களைப்பைப் போக்கும், சிவப்பு பசியைத் தூண்டும் என்று, மருந்துச் சீட்டு எழுதுவதைப் போலக் கட்டுரையாளர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணத்தை எழுதிக் கொடுத்திருந்தார். வெயில் கொளுத்தும் ஊர்களுக்கு அவற்றுள் சில பொருந்தலாம். இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைப்பகுதியான மலையகத்தில் இருப்பவர்கள் அவற்றை அப்படியே பின்பற்றினால் காசும் வீணாகி வீடும் இருண்டுபோகும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நிறம் மனத்தை நேரடியாக ஆளும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்த கடற்படைச் சிறைக்கூடமாகும். அலெக்சாண்டர் ஷவுஸ் என்பவரின் யோசனைப்படி 1979இல் அங்கு ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு பூசப்பட்டது. கைதிகளின் முரட்டுத்தனம் தணிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டு, சிறை அதிகாரிகள் இருவரின் பெயரால் அது 'பேக்கர் - மில்லர்' நிறம் என்றே அழைக்கப்படலாயிற்று. ஆனால் பின்னாளில் சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் வெள்ளை அறைகளோடு முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரு சாராரின் ஆத்திரத்திலும் வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

இதைவிட நம்பத்தக்கதாக எனக்குத் தோன்றுவது, ஸ்டீபன் பாமர், கேரன் ஷ்லாஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கருத்தாகும். ஒரு நிறத்தைக் கண்டதும் நம் நினைவில் எழும் பொருள்கள் நமக்கு எவ்வளவு பிடித்தமானவையோ, அந்த அளவுக்கே அந்த நிறமும் பிடிக்கும் என்பது அதன் சாரம். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வருபவருக்குத் தேயிலைப் பச்சை ஓய்வைக் குறிக்கலாம். அதே பச்சைக்கு நடுவே நாள் முழுதும் நின்று, கிலோக் கணக்குப் பார்த்துக் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு, வீட்டுச் சுவரிலும் அந்தப் பச்சை களைப்பைப் போக்குமா என்பதை அவரிடமல்லவா கேட்க வேண்டும்? தோட்டத்துத் திருவிழாவில் சேலைகள் பெரும்பாலும் மஞ்சளும் சிவப்புமாகத்தான் இருக்கின்றன. வெள்ளையின் கதையும் இதுவே. பௌத்தர்களின் பௌர்ணமி நாளான போயா தினத்தில் சிங்கள அயலவர்கள் பக்தியோடு உடுத்தும் வெள்ளையை, நம் வீட்டுப் பெரியவர்கள் கல்யாண வீட்டுக்கு உடுத்திப் போக விடமாட்டார்கள்.

கட்டுரை அறவே கவனிக்காத விடயம் வெளிச்சம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ்தான். இங்கு எவரும் சுவரிடம் குளிர்ச்சியை எதிர்பார்ப்பதில்லை. மூடுபனி நாட்களில் ஜன்னல் வழியே வரும் வெளிச்சமும் நீலம் கலந்ததாகவே இருப்பதால், நீலச் சுவர் மேலும் மங்கித் தெரியும். நல்ல வெள்ளைச் சுவர் தன்மீது விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ எண்பது சதவீதத்தைத் திருப்பித் தரும். கடும் நீலம் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. ஒற்றை ஜன்னலும் அடுப்புப் புகையுமாக இருக்கும் லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்), பகலிலேயே மின்குமிழைப் போடுவதா இல்லையா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது.

லயங்களுக்கு நிர்வாகம் சுண்ணாம்பு அடித்த காலத்தில் நிறம் கேட்கும் உரிமையே நம்மவர்களுக்கு இருக்கவில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் தோட்டக் குடும்பங்களுக்கென மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணியில் 550 சதுர அடியில் கட்டப்படும் இத்தகைய வீடுகளுக்குக் குடிபோகும் குடும்பங்கள்தான், பல தலைமுறைகளுக்குப் பின் தம் சுவரின் நிறத்தைத் தாமே தெரிவு செய்கின்றன. அந்த மகிழ்ச்சியில் ஊதாவும் கிளிப்பச்சையும் அடிப்பவர்களை நான் குறை கூற மாட்டேன். அவற்றை வெளிச்சுவருக்கு அடித்துவிட்டு, உள்ளே வெளிர் மஞ்சளோ சந்தன நிறமோ பூசினால் அறை துலங்கும் என்பதே என் எண்ணம். கடையில் தரும் சிறிய அட்டையை நம்பாமல், ஒரு சிறு டின் வாங்கி இரண்டடிச் சதுரம் பூசி, காலையிலும் பனி மூடிய வேளையிலும் இரவு மின்குமிழ் வெளிச்சத்திலும் பார்ப்பது நல்லது.

உடைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். பிரான்சின் கோபலென் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறதென்று முறைப்பாடு எழுந்தபோது, அங்கு சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே கறுப்பை அவ்வாறு காட்டுகின்றன என்று கண்டறிந்து, 1839இல் அதை நூலாகவும் வெளியிட்டார். ஆகவே சேலையைத் தனியே பார்க்காமல், ரவிக்கைத் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புடவைக் கடையின் விளக்கை நம்பாமல் துணியை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கும் நம் பாட்டிமாரைக் கடைக்காரர்கள் ஏளனம் செய்வதுண்டு. பாட்டிமார் செய்வதுதான் சரி.

அடுத்த முறை இவ்விடயத்தைப் பிரசுரிக்கும்போது, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பல காலமாகப் பெயின்ட் அடித்துவரும் பாஸ் ஒருவரிடமும், புதுவீட்டுக்குக் குடிபோன பெண்கள் சிலரிடமும் கருத்துக் கேட்டு எழுதும்படி தங்கள் கட்டுரையாளரைப் பணிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
தலவாக்கலை.