தேய்ந்துபோன சீரியல் நம்பரும் மறுக்கப்பட்ட வாரண்டியும்

அனுப்புநர்:
ஸ்டுடியோ உரிமையாளர்,
திருநெல்வேலி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கேமரா நிறுவனத்தின் இந்தியத் தலைமை அலுவலகம்.

பொருள்: கேமராவின் அடி லேபிளில் எண் தேய்ந்துவிட்டது என்று சொல்லி வாரண்டி மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 1999 முதல் திருநெல்வேலியில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன். 2024 ஆகஸ்ட் மாதம் உங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் ரூ.1,14,990 கொடுத்துக் கேமரா வாங்கினேன். ஒரு வருட வாரண்டி, இணையதளத்தில் பதிவு செய்தால் இன்னொரு வருடம் என்றார்கள். அன்று இரவே பதிவு செய்தேன். சீரியல் நம்பரைப் பார்த்துப் பார்த்து நானேதான் தட்டினேன்.

2025 நவம்பர் முதல் வாரம், ஒரு முகூர்த்தத்தில் தாலி கட்டுவதற்குச் சற்று முன் ஷட்டர் நின்றுவிட்டது. திரையில் எர்ரர். பேட்டரியைக் கழற்றி மாட்டியும் சரியாகவில்லை. பழைய கேமரா பையில் இருந்ததால் தாலி கட்டும் படம் தப்பித்தது. கருவி என்றால் பழுதாகும், அதற்காக நான் குறை சொல்லவில்லை. குறை அதன் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

மதுரையில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த தம்பி கேமராவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சார், கடைசி நாலு நம்பர் தெரியல. சிஸ்டத்துல வாரண்டி போட முடியாது" என்றார். பில், வாரண்டி அட்டை, எண் ஒட்டிய டப்பா மூன்றையும் எடுத்து வைத்தேன். அந்த டப்பா வேறு கேமராவின் டப்பாவாக இருக்கலாமாம். இந்தியாவில் விற்காமல், வெளிநாட்டிலிருந்து யாரோ பையில் போட்டுக் கொண்டுவந்த கேமராவாகவும் இருக்கலாமாம். ஷட்டர் மாற்ற ரூ.18,500 ஆகும் என்று எழுதிக் கொடுத்து, பரிசோதனைக் கட்டணம் என்று ரூ.590 வாங்கிக்கொண்டார்கள். இருபத்தாறு வருடம் இந்த ஊரில் தொழில் செய்கிறவனை, பத்துப் பேர் நிற்கும் இடத்தில் திருட்டு கேமரா கொண்டுவந்தவன்போல நிற்க வைத்தது எனக்குப் பெரிய வருத்தம்.

வீட்டுக்கு வந்து அந்த லேபிளை மேக்ரோ லென்ஸ் போட்டுப் படம் எடுத்துப் பார்த்தேன். படத்தை இணைத்திருக்கிறேன், நீங்களும் பாருங்கள். கறுப்பு ஸ்டிக்கரில் வெள்ளை எழுத்து, ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. ட்ரைபாட் திருகும் துளைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறீர்கள். கேமராவை ட்ரைபாடில் மாட்டும் பிளேட்டின் ரப்பர் தினமும் நாலைந்து முறை அதன்மேல் இறுகிக் கழலும். அது போதாதென்று சித்திரை மாத வியர்வை வேறு. எண்ணின் கடைசிப் பகுதியில் ஒரு 3 பாதி தெரிகிறது, அடுத்தது 8-ஆ 0-ஆ சொல்ல முடியாது, மீதி வெறும் சாம்பல் தடம். அதே ஸ்டிக்கரின் மறுஓரத்தில் குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. மின்கழிவைச் சாதாரணக் குப்பையோடு போடாதே என்று ஐரோப்பியச் சட்டத்துக்காகப் போடும் குறி அது. அதன் கீழே உள்ள தடித்த பட்டை, 2005 ஆகஸ்ட் 13-க்குப் பின் சந்தைக்கு வந்த பொருள் என்று சொல்வது. பக்கத்தில் ஐரோப்பாவின் சி.இ., அமெரிக்காவின் எஃப்.சி.சி. சான்று முத்திரைகள், அவையும் பெரிதாகத்தான் இருக்கின்றன. இவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் வாரண்டிக்கு உயிரான எண்ணைத்தான் எல்லாவற்றிலும் சிறியதாக, உரசும் இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

சரி, இது என் கேமராதான் என்பதற்கு வேறு ஆதாரம் இல்லையா? இருக்கிறது, அதை உங்கள் கேமராவே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் எடுத்த நேரம், ஷட்டர் வேகம் முதலிய எக்ஸிஃப் தகவல்களோடு கேமராவின் சீரியல் நம்பரும் பதிவாகிறது. வாங்கிய அன்று மாலை நெல்லையப்பர் கோயில் வாசலில் எடுத்த முதல் படத்தையும், ஷட்டர் நிற்பதற்குச் சற்று முன் எடுத்த கடைசிப் படத்தையும் கணினியில் திறந்து பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண். பில்லில் உள்ளதும் டப்பாவில் உள்ளதும் நான் உங்கள் தளத்தில் பதிந்ததும் அதே எண்தான். கவுன்டரிலேயே இதைச் சொன்னேன். மெமரி கார்டை வாங்கிப் பார்க்கக்கூட யாரும் முன்வரவில்லை.

பையில் வந்த கேமரா என்ற சந்தேகத்துக்கும் லேபிளிலேயே பதில் இருக்கிறது. ஐ.எஸ். 13252 என்ற தர எண்ணும், அதன் கீழ் 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் தேயாமல் இருக்கின்றன. இந்தியச் சந்தைக்காக, இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். தரும் பதிவு எண் அது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன், உங்கள் தொழிற்சாலையின் பெயர்தான் வந்தது. அது தொழிற்சாலையின் அந்த வகைப் பொருளுக்கான எண், தனிக் கேமராவுக்கானது அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் ஆட்கள் இதையாவது பார்த்திருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேமராவின் மேல்பக்கம் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி உண்டு. உள்ளே சென்சார் இருக்கும் தளத்தைக் காட்டுவது, ஃபோகஸ் தூரத்தை டேப் பிடித்து அளப்பது அங்கிருந்துதான். ஃபிலிம் காலத்தில் எனக்குத் தொழில் பழக்கிய அண்ணாச்சி சொல்லித்தான் அது எனக்குத் தெரியும். என்னிடம் வேலை பார்க்கும் பையன் அதை ஏதோ ஸ்விட்ச் குறி என்று நினைத்திருந்தான். சார்ஜரில் அம்புகள் சுற்றிய வட்டத்துக்குள் 10 என்று இருப்பதைப் பார்த்து, "பத்து வருஷம் உழைக்கும்" என்று கடைக்காரரே அவனிடம் சொல்லியிருக்கிறார். சீன விதிப்படி, முறையாகப் பயன்படுத்தினால் அத்தனை வருடத்துக்கு உள்ளே இருக்கும் நச்சுப் பொருள் கசியாது என்பதுதான் அதன் பொருள். அவ்வளவு தடித்த கையேட்டில் இதைப் பற்றித் தமிழில் ஒரு வரி இல்லை. விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது என்றால் அந்தக் குறிகள் யாருக்காக?

நான் கேட்பது இதுதான். ஷட்டரை வாரண்டியில் இலவசமாக மாற்றித் தர வேண்டும். ரூ.590-ஐத் திருப்பித் தர வேண்டும். எண் தேய்ந்து வரும் கேமராக்களுக்குப் படக் கோப்பில் உள்ள எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும்படி எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அப்புறம், இனி வரும் கேமராக்களில் சீரியல் நம்பரை ஸ்டிக்கரில் அடிக்காமல் உடலிலேயே பொறியுங்கள். இடம் போதாது என்றால், சான்று முத்திரைகளை மெனுவுக்குள் காட்டும் கேமராக்கள் ஏற்கனவே வந்துவிட்டன, அந்த வழியைப் பாருங்கள். என் பழைய ஃபிலிம் கேமராவின் தலையில் உள்ள வட்டக் குறி இன்றைக்கும் விரலில் தட்டுப்படுகிறது. தேயாமல் குறி போட இந்தத் தொழிலுக்குத் தெரியாமல் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். பில், வாரண்டி அட்டை, பதிவு மின்னஞ்சல், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த தொகைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களையும், லேபிளின் படத்தையும், மேலே சொன்ன இரண்டு படங்களின் அசல் கோப்புகளையும் இணைத்திருக்கிறேன். தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன், அதற்குள் கேமரா சரியாகி என் கைக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருநெல்வேலி.