ஆறு ஃப்ரேம் வைத்திருப்பவன் எழுதுவது

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்து மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிறு வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டு, படம் ஓடிய நேரத்தைவிட அதிக நேரம் சண்டை போடும் நம் வட்டம், இந்தப் பிப்ரவரி 13-ஆம் தேதி இரண்டாக உடைந்துவிட்டது. இயக்குநரும் ஒளிப்பதிவாளருமான பாலு மகேந்திரா இறந்த நாளில் அவர் பேரைச் சொல்லியே உடைத்திருக்கிறீர்கள். மறுநாளே இரண்டு தரப்பும் தனித்தனியாக எனக்கு போன் செய்து, "அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். ஆளுக்கு ஒரு பதில் சொன்னால் அது உங்களிடம் போய்ச் சேரும்போது நாலு பதிலாகிவிடும். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி ஒரே மடலாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்குச் சரியாகத் தெரியாது. டீ வாங்கி வருகிற, நாற்காலி மடக்கி வைக்கிற பெரியவர் என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தியேட்டரில் இருபத்தேழு வருஷம் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தேன். பி.யூ.சி. தேறாமல் கேபினில் ஹெல்பராகச் சேர்ந்தபோது வயது பத்தொன்பது. நான் சேர்ந்த வருஷம்தான் மூன்றாம் பிறை வந்தது, 1982. தியேட்டர் இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி ஒட்டிய கட்டடம் நிற்கிறது.

முதலில் உங்கள் சண்டைகள்.

காப்பியடித்தாரா இல்லையா என்று ஒரு சண்டை. ஜூலி கணபதியின் கதை மிஸரி என்ற ஆங்கிலப் படத்துடையது, 'மறுபடியும்' படம் அர்த் என்ற இந்திப் படத்தின் ரீமேக், ரெட்டைவால் குருவியின் மூலம் ஹாலிவுட்டில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு வந்தீர்கள். போடுங்கள், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பட்டியல் போட்ட தம்பி வீடு படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ஊர்ப் படத்தைப் பார்த்து அதை எடுத்தார்? வேலைக்குப் போகிற ஒரு பெண் கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்குகிறாள். சுவர் எழும்பிய பிறகு அந்த நிலமே குடிநீர் வாரியத்துடையது என்று தெரிகிறது. பெங்களூரில் முழு அங்கீகாரம் இல்லாத மனைக்கான பி கட்டா பத்திரத்தை வைத்துக்கொண்டு ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிற எவனுக்கும் அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. என் மச்சான் ஒருத்தன் ஏரி நிலத்தில் மனை வாங்கிவிட்டு இன்றைக்கும் அலைகிறான். அவனை உட்கார வைத்து வீடு போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டான்.

கலைப்படக்காரரா, மசாலாக்காரரா என்பது அடுத்தது. எனக்கு இதில் சிரிப்புதான் வருகிறது. 1984-ல் ஒரு மசாலாப் படம் எடுத்து அதற்கு நீங்கள் கேட்டவை என்று பேர் வைத்த மனிதர் அவர். தலைப்பிலேயே பதில் இருக்கிறது. நாலு வருஷம் கழித்து வீடு வந்தது, அதற்கடுத்த வருஷம் சந்தியா ராகம். 'பொன்மேனி உருகுதே' பாட்டு மூன்றாம் பிறைக்குக் களங்கம் என்று ஒரு தம்பி அரை மணி நேரம் பேசினார். தம்பி, அந்தப் பாட்டுக்காகத்தான் முன்வரிசை டிக்கெட் போனது. முன்வரிசை நிரம்பியதால்தான் படம் எங்கள் தியேட்டரில் தங்கியது. தங்கியதால்தான் என்னால் அதை இத்தனை தடவை பார்க்க முடிந்தது.

வாரிசு பாலாவா வெற்றிமாறனா என்கிற சண்டையை விட்டுவிடுகிறேன். இரண்டு பேரும் அவரிடம் வேலை கற்றவர்கள், அவ்வளவுதான். பட்டா எழுதிக் கொடுக்க இது என்ன நிலமா?

இன்னொன்று இருக்கிறது, அதைச் சட்டென்று தாண்டிப் போக முடியாது. நடிகை ஷோபாவைப் பற்றிக் கேட்ட தங்கைகள் இருவரை, "இன்னிக்கு நாள் அப்படி, அதெல்லாம் இப்ப வேண்டாம்" என்று உட்கார வைத்தீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. என் மேலும் தப்பு. முள்ளும் மலரும் தங்கையாக, அழியாத கோலங்கள் டீச்சராக, அவருடைய கேமராவுக்கு முன்னால் நின்ற பெண். பசி படத்துக்கு தேசிய விருது வாங்கியவர். 1980 மே 1-ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டபோது வயது 17. மூடுபனி திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். அந்தச் செய்தி பேப்பரில் வந்த அன்று எங்கள் மர்பி டவுன் வீட்டில் அக்கா சோறு சாப்பிடவில்லை. ஷோபாவோடு வாழ்ந்த பாலு மகேந்திரா அவரைவிட 23 வயது பெரியவர், ஏற்கெனவே குடும்பஸ்தர். இதைக் கேட்கக்கூடாது என்றால் நினைவு நாள் எதற்கு? கேட்கிறவர்கள் அவருடைய படத்தை வெறுப்பவர்கள் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? அந்தத் தங்கைகள் இருவரும்தான் சந்தியா ராகத்தை நம் வட்டத்திலேயே அதிகத் தடவை பார்த்தவர்கள். அடுத்த அழைப்பிதழில் ஷோபா பேரும் இருக்கட்டும். நடுவர் வேலை எனக்கு வேண்டாம். அந்தக் கேள்வி நாற்காலி போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்போது வட்டம் உடைந்த கடைசிச் சண்டைக்கு வருகிறேன். அது என் தொழில் சம்பந்தப்பட்டது.

கம்ப்யூட்டரில் போட்டுத் துலக்கிய மூன்றாம் பிறை பிரதி ஒன்றை ஒரு தரப்பு கொண்டு வந்தது. புள்ளி, கீறல் எதுவும் இல்லை. இருட்டாக இருந்த அறையெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. "இதுதான் புதுத் தலைமுறைக்குப் போய்ச் சேரும்" என்றீர்கள். எதிர்த் தரப்பு, "இது துரோகம், அசல்தான் வேண்டும்" என்று கத்தியது. சரி, அசல் எது என்று கேட்டால் லேப்டாப்பிலிருந்து எடுத்துக் காட்டியது எப்போதோ டி.வி.யில் ஓடியதைப் பதிவு செய்த பிரதி! ஓரம் வெட்டுப்பட்டு, மூலையில் சானல் முத்திரையோடு.

துலக்கிய பிரதியைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. ஏனென்றால் அந்த வேலையை முதலில் செய்தவன் நான்.

ஊட்டி வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சத்தில் முகத்தில் பாதி தெரியும், பாதி தெரியாது. அவர் அப்படித்தான் எடுப்பார், இருக்கிற வெளிச்சத்தோடு ஒத்துப்போவார். சின்ன வயதில் இலங்கையில் ரிவர் குவாய் என்ற ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைப் பார்க்கப் போனதையும், அதன் டைரக்டர் டேவிட் லீன் "மழை" என்று கத்தியதும் மழை கொட்டியதையும் அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் டைரக்டர் ஆகும் ஆசை வந்ததாம். எனக்கு வேடிக்கை என்னவென்றால், கத்தி மழையை வரவழைத்தவரைப் பார்த்து ஆசைப்பட்டவர், வெளிச்சம் தானாக வரும்வரை காத்திருக்கிறவராக ஆனார்.

எங்கள் தியேட்டரில் அந்தக் காட்சி வந்ததும் கீழேயிருந்து விசில். "ஆபரேட்டர், லைட்டு!" மேனேஜர் கேபினுக்கு ஓடி வந்து, "கரன்ட்டைக் கூட்டுடா" என்பார். அப்போதெல்லாம் கார்பன் ஆர்க். இரண்டு கார்பன் குச்சிக்கு நடுவில் தீப்பொறி நிற்கும், அந்த வெளிச்சம்தான் திரைக்குப் போகும். மற்ற நாளில் கார்பன் செலவாகிறது என்று கரன்ட்டைக் குறைக்கச் சொல்வதும் அதே மேனேஜர்தான். கூட்டினேன். கறுப்பு சாம்பலாக வெளுத்தது. முகத்தின் மறுபாதியில் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே ஃபிலிமில் ஒன்றும் பதிவாகவில்லை. விசில் நின்றது. தினம் நாலு காட்சி அப்படித்தான் ஓட்டினேன். உங்களில் யாருடைய அப்பாவாவது அந்தப் படத்தை எங்கள் தியேட்டரில் பார்த்திருந்தால், அவர் பார்த்தது பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு இல்லை, என்னுடையது.

ஆக, இரண்டு தரப்பின் கையிலும் அசல் இல்லை. ஒருவர் கையில் சுண்ணாம்பு அடித்த பிரதி, இன்னொருவர் கையில் கரையான் அரித்த பிரதி. அதை வைத்துக்கொண்டு அவருடைய கறுப்பைப் பற்றிச் சட்டையைப் பிடித்துக்கொள்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. வீடு, சந்தியா ராகம் இரண்டின் நெகட்டிவும் அழிந்துவிட்டன என்று அவரே மேடைகளில் சொல்லி வருந்தினார். சந்தியா ராகம் தூர்தர்ஷன் பணத்தில் எடுத்த படம், அதாவது நம் பணம். தமிழ்நாட்டில் ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிக் காலத்தில் போகிற இடமெல்லாம் கேட்டார். நீங்கள் அவர் தொப்பியைப் பற்றிப் பேசினீர்கள், அவர் வளர்த்த சிஷ்யர்களைப் பற்றிப் பேசினீர்கள். அவர் கெஞ்சிக் கேட்ட இந்த ஒரே விஷயத்தை யாரும் எடுக்கவில்லை.

ஃபிலிம் எப்படிச் சாகும் என்று கேபினில் இருந்தவனுக்குத் தெரியும். பொட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதற்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு சுருங்கும், வளையும், கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கலர் ஃபிலிம் என்றால் முதலில் நீலமும் பச்சையும் கழன்று, எல்லாம் ரோஸ் நிறமாகும். கறுப்பு வெள்ளைக்கு அந்த நிறம் போகிற வியாதி இல்லை. அதில் உருவம் வெள்ளியால் ஆனது, வெக்கையும் ஈரமும் படாமல் வைத்தால் நின்றுபிடிக்கும். ஆனால் அந்த வெள்ளிக்காகவே பழைய பிரதிகளை எடைக்கு வாங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள். எங்கள் தியேட்டர் வாசலுக்கும் வந்திருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளை என்றதும் நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். கோகிலா, 1977. அவர் டைரக்ட் செய்த முதல் படம், தமிழ் இல்லை, கன்னடம். மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர், புனேயில் கேமரா படித்தவர், மலையாளத்தில் ஒளிப்பதிவு செய்து பேர் வாங்கியவர், இயக்குநராக முதல் காலை வைத்தது இங்கே. கமல், ஷோபா, ரோஜாரமணி, கன்னட நாடக மேடையிலிருந்து வந்த மோகன். இசை சலீல் சௌத்ரி. அதற்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. கன்னடப் படம் சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. ஆறு வருஷம் கழித்து மணிரத்னமும் முதல் படத்தைக் கன்னடத்தில்தான் எடுத்தார், பல்லவி அனுபல்லவி. அதற்கும் கேமரா இவர்தான்.

நம் வட்டத்தின் பேனரில் "தமிழ் சினிமாவின் தலைமகன்" என்று போட்டிருந்தீர்கள். கீழே டீக்கடை நடத்துகிற கன்னடக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "கோகிலா நம்முது அல்வா?" என்று என்னிடம் கேட்டார், கோகிலா எங்களுடையது இல்லையா என்று. நியாயமான கேள்வி. 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, இந்த ஊரில் தமிழன் வாயைத் திறக்கப் பயந்த நாட்களை நான் பார்த்தவன். அதனால் அவர் சிரித்துக்கொண்டே அப்படிக் கேட்டது எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. அவரை ஒரு நாள் மாடிக்குக் கூப்பிடுங்கள்.

விருதும் கேடயமும் கொடுக்கப் பணம் சேர்த்திருக்கிறீர்கள். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பாதிச் சண்டை. அந்தப் பணத்தில் கோகிலாவைத் தேடுங்கள். புனேயில் 1964-லிருந்து தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. இந்தப் படத்தின் எந்தப் பொருள் அங்கே இருக்கிறது, நெகட்டிவா பிரதியா, எத்தனை ரீல், என்ன நிலையில் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். மெஜஸ்டிக் பின்னால் காந்திநகரில் பழைய விநியோக ஆபீஸ்கள் இருந்த தெருக்களில் இறங்கி நடங்கள். குடோன் கணக்குப் பார்த்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆபரேட்டர் என்றால் மரியாதை உண்டு, நான் கூட வருகிறேன். துலக்குகிற தம்பிகளே, உங்கள் கைவேலை கெட்டதில்லை. கீறலை எடுங்கள், கறுப்பில் கை வைக்காதீர்கள். அசல் பேசுகிற தம்பிகளே, சென்னைக்குப் போய், வீடு படத்துக்கு ஒழுங்கான ஒரு பிரதியாவது எங்கேயாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டு தரப்புக்கும் வேலை இருக்கிறது. எதிரெதிர் ஊரில் இருந்தால் சண்டையும் குறையும்.

அதுவரை எந்தப் படம் போட்டாலும், போடுவதற்கு முன்னால் இது எங்கிருந்து எடுத்த பிரதி, என்னென்ன வெட்டுப்பட்டது என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. ரீல் அறுந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டித்தான் ஒட்டுவோம். வெட்டிய துண்டைக் குப்பையில் போட வேண்டும், நான் போடவில்லை. மூன்றாம் பிறை கடைசிக் காட்சியில், ஊட்டிப் பக்கத்துக் கேத்தி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஸ்ரீதேவி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஆறு ஃப்ரேம் என் வீட்டு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. நொடிக்கு இருபத்துநாலு என்று கணக்குப் போட்டால், கால் நொடிப் படம். அந்தக் கால் நொடி எங்கள் தியேட்டரில் பிறகு யாருக்கும் ஓடவில்லை. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். கேத்தியின் பச்சையெல்லாம் போய், மலை, ரயில், முகம் எல்லாம் ஒரே ரோஸ். லேசாக வாடையும் வருகிறது.

இரண்டு தரப்பும் வருவதாக இருந்தால் அடுத்த ஞாயிறு அதை எடுத்து வருகிறேன். யாராவது ஒரு பூதக்கண்ணாடி கொண்டு வாருங்கள், என்னுடையது உடைந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் ஆபரேட்டர் அண்ணன்
மர்பி டவுன், பெங்களூர்