சேகருக்கு, வெயில் விஷயமாக

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு அப்புறம் நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, கணக்கு நேர். இங்கே எல்லோரும் சௌக்கியம். விமலாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மூர்த்தி பேரனுக்குக் காது குத்தினான். பந்தியில் அவன் செய்த காரியத்தை நேரில் சொல்கிறேன், கடிதத்தில் வேண்டாம்.

போன வாரம் போனில் என்ன சொன்னாய்? "மெட்ராஸில் வெயில் ஏறிப்போச்சுன்னு புலம்பாதே, 2003-க்கு அப்புறம் ரெக்கார்டே உடையலையே." ஓசூரில் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு வாய் நீளம்தான். தகவல் என்னவோ சரி. 2003 மே 31, நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. ஆனால் இந்த ஊரில் ஒரு நாளின் உச்சத்தை முடிவு செய்வது கடற்காற்று. மேற்கே இருந்து வரும் வறண்ட காற்று அதை மறித்துக்கொண்டு நின்றால் அன்றைக்கு வெந்தோம். பதினொரு மணிக்கே கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். ஒரு நாள் ரெக்கார்டு என்பது பாதி லாட்டரிச் சீட்டு.

நீ மறுமுனையைப் பார். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பரில் ஒரு தரம், 1905 ஜனவரியில் ஒரு தரம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் அசையவில்லை. சூட்டு ரெக்கார்டு நம் காலத்தது, குளிர் ரெக்கார்டு நம் பாட்டனார் காலத்தது. இதற்கு என்ன சொல்கிறாய்?

குறிப்பு எழுதியவர்கள் சோம்பேறிகள் என்று மட்டும் சொல்லாதே. 1792-ல் கம்பெனிக்காரன் நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரம் பார்க்க ஆய்வுக்கூடம் கட்டினான். தமிழ் எழுத்து வெட்டிய அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1796-லிருந்தே அங்கே வானிலைக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பத்துப் பத்து வருஷமாகச் சேர்த்துப் பார்த்தால் உன் லாட்டரியெல்லாம் கழிந்துவிடும். நாடு முழுவதுக்குமான கணக்கு 1901-லிருந்து இருக்கிறது. அதில் 2011 முதல் 2020 வரைதான் மிகச் சூடான பத்தாண்டு என்று வானிலைத் துறையே சொன்னது. அப்புறம் 2024 வந்து, அதுவரை வந்த எல்லா வருஷத்தையும் தாண்டிப் போனது.

தெர்மாமீட்டரைச் சுற்றிக் கட்டடம் வந்துவிட்டது, அதனால்தான் என்பாய். ஓரளவு உண்மைதான். சிமெண்டும் தாரும் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரியில் கக்குகின்றன. போதாததற்கு ஏசிக்காரர்கள் தங்கள் வீட்டுச் சூட்டையும் தெருவுக்குத் தள்ளுகிறார்கள், என்னையும் சேர்த்துத்தான். ஆனால் சேகர், அந்தக் கட்டடங்களுக்குள்தானே நாங்கள் படுத்திருக்கிறோம்? காரணம் எதுவானாலும் வியர்ப்பது எங்களுக்கு.

திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டைமாடியில் மே மாசத்தில் பாயைப் போட்டுத் தூங்கினோமே! விடியற்காலையில் உன் லுங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டதற்கு நாகராஜன் வைத்த பெயர் ஞாபகம் இருக்கிறதா? இப்போது ராத்திரி பத்து மணிக்கு மாடித் தரையில் வெறுங்காலை வைத்துப் பார்.

எங்கள் தெருவில் துணி தேய்க்கிற அம்மா ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் வண்டி போட்டிருந்தார். 2016 டிசம்பரில் வர்தா புயல் அதைச் சாய்த்துவிட்டது. வைத்த கன்று பிழைக்கவில்லை. கரிப்பெட்டியோடு வெயிலில் நிற்கிறாரே என்று கேட்டால், "பகலை விடுங்க சார், ராத்திரி தகரத்துக்குக் கீழே கண்ணை மூட முடியலை, காலையில கை நடுங்குது" என்கிறார். நீயும் நானும் அடித்துக்கொள்கிற ரெக்கார்டு எதிலும் இந்த நடுக்கம் ஏறாது. தூக்கம் கெட்ட உடம்பு அடுத்த நாள் வெயிலைத் தாங்குமா?

மார்கழியில் கச்சேரிக்கு வந்துவிட்டு "மெட்ராஸ் ஜோராத்தானே இருக்கு" என்று சொல்கிற வேலை வேண்டாம். தைரியம் இருந்தால் கத்திரியில் வா, ஏசி இல்லாத முன்னறையைத் தருகிறேன். வரும்போது விமலாவுக்கு ஓசூர் ரோஜாச் செடி இரண்டு கொண்டு வா. மாடியில் கருகிவிடும் என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
ரங்கன்